வினிகரில் நாற்பது நாள்

உங்களில் எத்தனை பேர் டூத்பேஸ்ட் ட்யூபின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களோ, தெரியாது. நான் மனப்பாடம் செய்தவள். கால்சியம் கார்பனேட், சார்பிடால், சோடியம் லாரில் சல்பேட், சோடியம் மோனோ புளூரோ பாஸ்பேட். கூடப் படித்தவர்களெல்லாம் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பல் தேய்த்த வயதில் நான் இதை முணுமுணுத்தேன். நம் செட்டில் எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லாவது அடைத்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அப்பா லாரி டிரைவர். அம்மா, அக்கா, நான். எங்கள் வீட்டில் முதலில் சிவப்புப் பல்பொடிதான். தகர டப்பா, உள்ளங்கையில் கொட்டி ஆள்காட்டி விரலால் தேய்ப்போம், விரல் நாள் பூராவும் கிராம்பு வாசனை அடிக்கும். பேஸ்ட் வந்தது சுனாமியோடு. தேவனாம்பட்டினத்து ஜனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வந்த மூட்டைகளில் சோப்பும் பேஸ்ட்டும் மிஞ்சிப்போய், பிறகு எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ட்யூப் கொடுத்தார்கள். எல்லாம் இழந்து நின்றவர்களுக்கு எங்கிருந்தோ இத்தனை பேஸ்ட் அனுப்பியிருக்கிறார்களே என்று அப்பா திட்டினார். நானோ ட்யூபைத் திருப்பிப் படித்தேன். அங்கே பிடித்தது பைத்தியம்.

ஏழாவது போவதற்குள் பள்ளி நூலகத்தில் பல்லைப் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் முடித்துவிட்டேன். பேஸ்ட்டில் பாதிக்கு மேல் சுண்ணாம்புத் தூள் மாதிரிதான், அது அழுக்கைச் சுரண்டும், நுரை சும்மா மனசுக்கு, இனிப்பு நாக்குக்கு. உண்மையாக வேலை செய்வது புளூரைடு. நாம் சாப்பிட்டதைத் தின்று கிருமிகள் புளிப்பைக் கக்கும், அந்தப் புளிப்பு எனாமலை அரிக்கும், புளூரைடு உள்ளே போய் அரிபட்ட இடத்தைக் கெட்டிப்படுத்தும். இதை வீட்டில் தோசை வேகும் நேரத்துக்குள் சொல்லிமுடிப்பேன். அம்மா சொல்வாள், “வாய மூடுடி, பல்லு தானா நல்லாருக்கும்.”

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அவள் பிறந்தபோது அப்பாவுக்குத் தருமபுரிப் பக்கம் கல் குவாரியில் வேலை. அங்கே போர்வெல் தண்ணீர் குடித்து ஏழு வயது வரை வளர்ந்தாள். அப்புறம் கடலூர் வந்தார்கள், இங்கே நான் பிறந்தேன். எனக்குப் பல் வெள்ளை. அவளுக்கு மேல்வரிசை முன்பல் நான்கிலும் பழுப்புக் கறை, டீ சிந்திய துணி மாதிரி, குறுக்குவாக்கில் கோடு கோடாக. ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே பல்பொடி. ஆகவே ஊருக்கெல்லாம் ஒரே முடிவுதான்: இவள் ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை.

அவள் தேய்த்தாள். கரி, உப்பு, செங்கல் தூள், யார் என்ன சொன்னாலும் அதைப் போட்டுத் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வரும். கறை போகாது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் முதல் வரிசைக் குரல் அவளுடையது. ஆனால் நிற்பது கடைசி வரிசையில். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், பிறகுதான் சிரிப்பு வரும். அவள் கை போவதைப் பார்த்தே நாங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவோம்.

நான் ஏழாவது படித்த வருடம் பொங்கல் கழிந்து சிதம்பரத்தில் அறிவியல் கண்காட்சி. பல்லும் முட்டை ஓடும் கிட்டத்தட்ட ஒரே சங்கதி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஓட்டில் பாதிக்கு மட்டும் பேஸ்ட் பூசி ஒரு நாள் வைத்து, கழுவி, வினிகரில் போட்டால் பூசாத பாதி கரையும், பூசிய பாதி நிற்கும். அன்றைக்கென்று கடையில் வெள்ளை முட்டை இல்லை. நாட்டுக்கோழி முட்டைதான் கிடைத்தது, பழுப்பு நிறம். போட்டேன். பூசாத பக்கத்தில் சோடா மாதிரி குமிழ் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து விரலால் தடவினேன். பழுப்பு, தோல் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. அடியில் சுண்ணாம்பு வெள்ளை.

பரிசு கிடைத்தது. இரண்டாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். பஸ்ஸில் திரும்பி வரும்போது அறிவியல் டீச்சர் என் தலையைத் தடவி, “இவ டாக்டரா வருவா பாருங்க” என்று கூட வந்த பிள்ளைகளிடம் சொன்னார். எனக்கு அது காதில் விழவே இல்லை. நான் அந்தப் பழுப்பு வழிந்த முட்டையை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். அங்கே நோட்ஸ் நகலெடுக்க வருவார் ஒருவர். குமராட்சிப் பக்கத்து ஊர், ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். முப்பது பக்கத்தை ஒரே தடவையாக எடுக்கலாம். இவர் தினம் மூன்று பக்கம் கொண்டுவந்தார். கடை முதலாளியம்மாவே அக்காவைக் கேலி செய்தாராம்: “இன்னாம்மா, உங்காளு புஸ்தகத்த துண்டு துண்டா வெட்டி எடுத்துனு வர்றாரா?” இதை எனக்கு மட்டும் சொன்னாள். சொல்லும்போது கை வாய்க்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

மாசி பிறக்கும் முன்னேயே அவர் வீட்டிலிருந்து ஆள் மூலம் செய்தி வந்துவிட்டது. அவர்களும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதன் நெருங்கிவிட்டதால் தவக்காலத்தில் பெண் பார்க்க வேண்டாம், ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பேச்சு எடுத்த பிறகு முறை இல்லை என்று அவரும் அதுவரை கடைப் பக்கம் வரவில்லை. எங்கள் வீடுகளில் தவக்காலத்தில் நல்ல காரியம் எதுவும் பேசுவதில்லை, கறி இல்லை, பூ வைப்பதில்லை. நாற்பது நாள்.

அன்று சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள். “பையன் பாத்திருக்கலாம். பையனோட அம்மா பாக்கணும்ல? அந்தப் பல்ல வச்சுனு எப்புடிடி போயி நிக்கப் போற?”

அக்கா எழுந்தாள். என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“பாப்பா, உன் முட்டைல கலரு போச்சுன்னியே.”

“ஆமா.”

“பல்லும் முட்டையும் ஒண்ணுன்னு சொன்னியே.”

“கிட்டத்தட்ட ஒண்ணு.”

“எம்பல்லுலயும் போவுமா?”

எனக்குப் பரிசு கொடுத்தவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. இருபது வயதுப் பெண், அதுவரை என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது. எனக்கு அப்போது தெரியாதது எதுவும் இருப்பதாகவே தெரியாது. கணக்கு என் தலைக்குள் தயாராக இருந்தது: முதலில் வினிகர் பழுப்பை எடுக்கும். அதில் எனாமல் கொஞ்சம் இளகும், பரவாயில்லை. பிறகு புளூரைடு அதைக் கெட்டிப்படுத்திவிடும். இரண்டு உண்மைகள். இரண்டையும் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“போவும்க்கா,” என்றேன்.

வினிகர் அவள்தான் வாங்கி வந்தாள், ஊறுகாய்க்கு என்று சொல்லி. காலையில் அம்மா பால் வாங்கப் போகும் நேரம் எங்கள் நேரம். பஞ்சை நனைத்து முன்பற்கள் மேல் வைத்து உதட்டை மூடிக்கொள்வாள், நான் இருநூறு எண்ணுவேன். பிறகு பேஸ்ட்டில் கொஞ்சம் கரித்தூள் கலந்து அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு சுத்தமான பேஸ்ட்டை அப்பிக்கொண்டு வாய் கொப்பளிக்காமல் கால் மணி நேரம். சாயங்காலம் இன்னொரு தடவை. ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தேதி போட்டு நிறத்தை எழுதினேன்: பழுப்பு, இளம் பழுப்பு, மஞ்சள். எச்சில் ஒழுகிக்கொண்டு அவள் கையால் சைகை காட்டுவாள், சீக்கிரம் எண்ணுடி என்று. நான் வேண்டுமென்றே நூற்று எண்பதிலிருந்து மறுபடி நூற்று எழுபதுக்குப் போவேன். அடிக்கக் கையை ஓங்குவாள். வாயைத் திறக்க முடியாது அல்லவா, மூக்காலேயே சிரிப்பாள். அப்படி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையும் செய்ததில்லை, அதற்கு முன்னும் பின்னும்.

வெளுத்தது. அதுதான் கொடுமை. இரண்டாவது வாரம் முடிவதற்குள் கோடுகள் மங்கி, பற்கள் முழுக்கச் சாக்பீஸ் நிறமாகிவிட்டன. பளபளப்பு இல்லாத வெள்ளை. அந்தப் பளபளப்புதான் எனாமல், போய்க்கொண்டிருப்பது அதுதான் என்று எனக்கு யார் சொல்வது? அக்கா பீரோ கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விரித்துப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், வாய் முழுக்க, கை கீழே தொங்கியபடி. எனக்கு அவளைத் தெரிந்து பன்னிரண்டு வருடம். அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“சயின்டிஸ்டே!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அம்மாகூடக் கேட்டாள், “என்னாடி, தேய்க்கிறியா இப்பல்லாம்?” அவள் அறிந்த ஒரே விளக்கம் அதுதான்.

பாதித் தவக்காலம் தாண்டியதும் அக்கா காப்பியை ஆறவைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். பானைத் தண்ணீரைக் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். காற்றைப் பல் வழியாக உறிஞ்சினால் தலை வரை இழுக்கிறது என்றாள்.

“வேலை செய்யுதுக்கா. புளூரைடு உள்ள போவுது, அதான் கூசுது.”

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்போதே, நின்ற இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

பெரிய வெள்ளி அன்று கோயிலில் இயேசுவின் பாடுகளின் வாசகம். சிலுவையில் தாகமாக இருக்கிறது என்றவருக்குப் புளித்த திராட்சை ரசத்தை, அதாவது வினிகரை, கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்த இடம் வந்ததும் அக்கா என் காதருகே குனிந்தாள். “அவருக்காச்சும் ஒரு தடவ. எனக்கு நீ நாப்பது நாளு குடுத்தியேடி.” நான் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து அம்மா என் முதுகில் கிள்ளினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பத்தரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். அவர், அவருடைய அம்மா, ஒரு மாமா, ஒரு சித்தி. அவருடைய அம்மா வயலில் வேலை செய்து காய்த்த கையோடு, காதில் பெரிய தோடோடு, பார்த்தவுடன் பயமாகவும் பிடித்தும் இருந்தது. அக்கா முந்தின நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தாள், “கூல்டிரிங்க்ஸ் வாணாம்மா, காப்பியே போதும்.” அம்மா, “வெயில் கொளுத்துது, காப்பி குடுத்தா என்னா நெனப்பாங்க” என்று ஐஸ் போட்டே வாங்கி வைத்திருந்தாள்.

அக்கா தட்டோடு வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரித்தாள்கூட. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏனோ கொஞ்சம் குழம்பினவர் மாதிரி அவள் பல்லையே பார்த்தார். அவருடைய அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. தன் டம்ளரையே நீட்டினார்.

“நீயும் ஒரு வாய் குடிம்மா. காலைலேருந்து நின்னுனே இருக்க.”

“வாணாங்க அத்தை.”

“அத்தைன்னுட்டல்ல. அப்பக் குடி.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

முகம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டது. டம்ளர் கை நழுவி விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையை விலக்கினார். “இன்னா கண்ணு, இன்னா ஆச்சு? தொற, பாக்கலாம்.” ஜன்னல் வெளிச்சத்துக்கு அவள் முகத்தைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலால் ஒரு பல்லைத் தடவினார். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து அவர் விரலோடு வந்தது.

மெதுவாக எழுந்து நின்றார்.

“பல்லுல என்னாத்த பூசி வச்சிருக்கீங்க?”

அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. “ஒண்ணும் பூசலியே...”

“பல்லு கறைன்னு எம்மவன் மொதல்லயே சொல்லிட்டான். கறைன்னா இன்னா, கொணம் நல்லாருந்தா போதும்னுதான் நானும் வந்தேன். இருக்கறத இருக்கறபடி காட்டியிருந்தா இன்னிக்கே பூ வச்சிட்டுப் போயிருப்பன். வெள்ளையடிச்சு ஏமாத்தப் பாக்கறீங்களே, இன்னும் இன்னா இன்னா மறைச்சு வச்சிருக்கீங்களோ.”

அவர் எழுந்து, “அம்மா, இரும்மா” என்றார். “நீ சும்மா இரு” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கொல்லைப் பக்கம் ஓடினேன் நான். வினிகர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எவ்வளவு வேகமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

அப்பா கத்தினார், அம்மா அவளை அடித்தாள். “சொல்லுடி, என்னாத்த பூசித் தொலைச்ச? யாரு சொல்லிக் குடுத்தா, அந்த ஜெராக்ஸ் கடைக்காரியா?” அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மற்றவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கதவோரம் நின்று அழுதேன். சின்னப்பிள்ளை பயந்துவிட்டது என்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

அவர் பிறகு ஒரு நாள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாராம். “ஏன் இப்புடிப் பண்ண? நான் உன்ன எதாச்சும் சொன்னனா?” என்று கேட்டாராம். அக்கா மெஷினில் தாள் வைத்துக்கொண்டே இருந்தாளாம். அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அக்காவுக்கு அப்புறமும் நாலைந்து பேர் வந்தார்கள். பெண் வீட்டார் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. பல்லோ ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குட்டையானது. பழுப்பு திரும்ப வந்துவிட்டது. அது போகவே இல்லை, மேலே வெள்ளை மூடியிருந்தது, அவ்வளவுதான். பாட்டுக்குழுவை விட்டு அவளே நின்றுவிட்டாள். பாடும்போது காற்று படுகிறதாம்.

நான் நன்றாகப் படித்தேன். பரிசு வாங்கிய அந்த டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுபோனேன்.

2012-இல் அக்காவுக்கு முகம் வீங்கிவிட்டது. நான் கல்லூரி முதல் வருடம் சேர்ந்திருந்தேன். இரண்டு பேரும் பஸ் ஏறிச் சிதம்பரத்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீளமான ஹால், வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு. எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர், கண்டிப்பானவர், ஆனால் கை மிருதுவாக இருந்தது. விளக்கைத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“சின்ன வயசுல எங்க இருந்தீங்க? தருமபுரியா? அதான். அங்க தண்ணில புளூரைடு ஜாஸ்தி. பல்லு உருவாகும்போதே உள்ள ஏறிடும். அந்தக் கறை தேய்ச்சா போவாதும்மா.”

புளூரைடு. அந்தச் சொல்லை நான் ஐந்து வருடமாக வாயால் சொன்னதில்லை. அளவாக வெளியிலிருந்து பட்டால் காக்கும். பல் வளரும் வயதில் தண்ணீரோடு அதிகமாக உள்ளே போனால் கறையாக்கும். நூலகத்தில் நான் படித்த இரண்டு புத்தகத்திலும் முதல் பாதி மட்டும் இருந்தது. அல்லது நான் முதல் பாதியை மட்டும் படித்தேன்.

“அதை அப்படியே விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. மேலாக ஒரு பூச்சு பூசி ஒரே நாள்ல மறைச்சு அனுப்பியிருப்போம்,” என்றார் டாக்டர். “இது கறையால வந்த சேதம் இல்ல. முன்பக்க எனாமலே இல்லியே. ரெண்டு பல்லுல சீழ் வேர் வரைக்கும் போயிருக்கு, அத எடுக்கணும். மத்த ரெண்டுல முயற்சி பண்ணலாம். புளிப்பா எதாவது வச்சீங்களா? எலுமிச்சம்பழம்?”

“வினிகரு,” என்றாள் அக்கா.

“எத்தன நாளு?”

“நாப்பது.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “அப்புறம் பேஸ்ட் போட்டா சரியாயிடும்னு நெனச்சீங்களா? இருக்கற எனாமலைத்தான் பேஸ்ட் காப்பாத்தும். போனது வளராதும்மா, நகமா முடியா அது? யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?”

நான் நாற்காலிக்குப் பின்னால், கையில் அக்காவின் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தங்கச்சியா? காலேஜ் படிக்கிறியா? நீயாவது அக்காவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அக்காவின் குரல் வந்தது, வீங்கிய கன்னத்தோடு, வார்த்தை குழறியபடி.

“அவ அப்ப சின்னப் பொண்ணு டாக்டர். அவளுக்கு என்னா தெரியும்?”

டாக்டர் சீட்டில் எழுதினார். தானாகவே வினிகர் உபயோகித்தது, நாற்பது நாள். அடியில் கையெழுத்துப் போட்டு, எக்ஸ்ரே மாடியில், கொண்டுபோய்க் கொடு என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, “பேஷன்ட் நீங்களா?” என்று கேட்டார். இல்லை, அக்கா என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.